நசுங்கிய குவிமாடமும் ராமனின் மிருதங்கமும்

சர் சி.வி. ராமன் என்றதும் நம் பாடநூல்கள் நேராகக் கடலுக்குப் போய்விடும். 1921ஆம் ஆண்டின் கப்பல் பயணம், மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம், அந்த நீலம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி, 1928இல் கண்டுபிடிப்பு, 1930இல் நோபெல் பரிசு. எல்லாம் உண்மைதான். ஆனால், அந்தக் கப்பலில் ஏறுவதற்கு முன்பே ராமன் 15 ஆண்டுகளாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதி வந்தவர். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதியை அவர் ஒலிக்குக் கொடுத்தார். வயலின் தந்தி, வீணையின் குதிரை, தம்புராவில் செருகும் ஜீவா நூல், மிருதங்கத்தின் தோல் ஆகியவைதான் அவருடைய ஆய்வுப் பொருள்கள். பகலில் அரசாங்கக் கணக்கைச் சரிபார்த்த ஒரு தமிழ் இளைஞர், காலையிலும் இரவிலும் இவற்றின் அதிர்வுகளை அளந்துகொண்டிருந்தார்.

அந்த ராமனைத்தான் இன்றைய மாணவர்கள் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அதற்குக் காரணம் விரற்கடை அகலமுள்ள ஒரு துணிக் குவிமாடம்.

ஜூரோங்கில் ஒரு கேள்வி

நான் ஜூரோங் வெஸ்ட்டில் குடியிருக்கிறேன். பழைய ஒலிபெருக்கிகளைப் பழுதுபார்ப்பது என் வார இறுதிப் பொழுதுபோக்கு. சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை அங்கு வாங்குவேன். இப்போது பழைய பொருள் கடைகளில் தேடுகிறேன். சில சமயம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்திலேயே கிடைத்துவிடும்.

எங்கள் மாடியில் வசிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர் அப்படி யாரோ வேண்டாமென்று வைத்துவிட்டுப் போன ஒரு ஜோடி ஒலிபெருக்கிகளை எடுத்து வந்தார். இரண்டிலும் கீழே பெரிய கூம்பு, மேலே சின்ன டுவீட்டர். உயர்ந்த சுரங்களை ஒலிக்கும் பகுதிதான் டுவீட்டர். பெரும்பாலும் அதன் நடுவில் 25 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குவிமாடம் இருக்கும். ஒன்றில் அது நன்றாக இருந்தது. மற்றதில் யாரோ விரலால் அழுத்தியதுபோல் உள்ளே போயிருந்தது.

அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். இத்தனை சிறிய பள்ளத்தால் ஒலி மாறுமா என்பது முதல் கேள்வி. அப்படி மாறினாலும், பெரிய ஆய்வுக்கூடம் இல்லாமல் அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு அன்றைக்கே விடை கிடைத்தது. இரண்டாவது கேள்விக்கு ராமனின் வாழ்க்கையைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

முதலில் பழுதுபார்த்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒலிபெருக்கியின் கம்பிகளைக் கழற்றினோம். திருப்புளி போன்ற இரும்புச் சாமான்களைத் தள்ளி வைத்தோம். டுவீட்டரின் பின்னால் வலுவான காந்தம் இருக்கிறது. அது திருப்புளியைக் கையிலிருந்து பிடுங்கிக் குவிமாடத்தின்மேல் குத்திவிடும். அடுத்து, குவிமாடம் துணியா உலோகமா என்று பார்த்தோம். இது பசைப்பூச்சு ஏற்றிய துணி. துணி என்றால் நம்பிக்கை அதிகம், ஏனென்றால் அது தன் பழைய வடிவத்துக்குத் திரும்பவே விரும்பும். அலுமினியம், டைட்டேனியம் போன்றவற்றில் மடிப்பு விழுந்த கோடு முழுமையாக மறையாது. பெரிலியத்தால் ஆனது என்றால் தொடவே கூடாது. அது நொறுங்கினால் வரும் தூள் நுரையீரலுக்குக் கேடு.

சமையலறைக் காகிதச் சுருளின் உள்ளே இருக்கும் அட்டைக் குழாயை எடுத்தோம். அதன் விளிம்பைக் குவிமாடத்தில் படாமல் சுற்றியுள்ள தட்டின்மேல் வைத்து, மறுமுனையில் வாயால் மெதுவாகக் காற்றை உறிஞ்சினோம். இரண்டாம் முறையில் பள்ளம் வெளியே வந்துவிட்டது. தூசு உறிஞ்சும் இயந்திரத்தையும் சிலர் பயன்படுத்துவார்கள். ஆனால் அதன் வேகம் அதிகம். குவிமாடத்தோடு ஒட்டியிருக்கும் முடிபோன்ற கம்பிச்சுருளைப் பிய்த்துவிடக்கூடும். உலோகக் குவிமாடத்துக்குச் சிலர் ஒட்டுநாடாவை ஒட்டி நேராக வெளியே இழுப்பார்கள். நாடாவை முதலில் உள்ளங்கையில் ஒட்டி எடுத்து அதன் பிடியைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பழுதுபார்ப்பதற்கு முன்னும் பின்னும் கைப்பேசிச் செயலி ஒன்றால் குறைந்த ஒலியளவில் அளந்தோம். முன்பு உயர்ந்த சுரங்களில் நசுங்கிய பக்கம் மற்றதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. பின்பு இரண்டு கோடுகளும் ஏறக்குறைய ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்தன.

காரணம் எளிது. ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கும். அதையே சற்று வளைத்துப் பிடித்தால் விறைத்து நிற்கும். முட்டை ஓட்டின் பலமும் வளைவில்தான் இருக்கிறது. குவிமாடம் அவ்வளவு மெல்லியதாக இருந்தும் ஒரே துண்டாக முன்னும் பின்னும் அசைவது அந்த வளைவால்தான். வளைவு கெட்ட இடத்தில் விறைப்பும் குறையும். அந்த இடம் மற்ற பகுதிகளோடு சேர்ந்து அசையாமல் தன் போக்கில் அசையத் தொடங்கும்.

ஒரு பரப்பின் வெவ்வேறு பகுதிகள் எப்படி அசைகின்றன? ஓரிடத்தில் சிறு மாற்றம் செய்தால் மொத்த ஒலியும் ஏன் மாறுகிறது? நூறு ஆண்டுகளுக்கு முன்பு கல்கத்தாவில் ராமன் கேட்டதும் இதைத்தான்.

வயலின் ஒலித்த வீடு

சந்திரசேகர வெங்கட ராமன் 1888 நவம்பர் 7ஆம் தேதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர், தாயார் பார்வதி அம்மாள். தந்தை இயற்பியலும் கணிதமும் கற்பித்த விரிவுரையாளர். வயலினும் வாசிப்பார். வீட்டில் அறிவியல் நூல்களும் இசையும் ஒன்றாக இருந்தன. ராமனுக்கு நான்கு வயதாக இருந்தபோது தந்தைக்கு வேலை கிடைத்ததால் குடும்பம் விசாகப்பட்டினத்துக்குக் குடிபெயர்ந்தது.

ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மாநிலக் கல்லூரியில் 1904இல் இளங்கலைப் பட்டம் பெற்றபோது இயற்பியலுக்கான தங்கப் பதக்கமும் அவருக்கே கிடைத்தது. 1906இல், 18 வயதில், அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை லண்டனின் புகழ்பெற்ற ஆய்விதழான ஃபிலசாஃபிகல் மேகசினில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதற்குப் பிறகு வழி அடைத்துக்கொண்டது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், உடல்நிலை அந்தக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். இந்தியாவில் ஓர் இந்தியர் அறிவியல் ஆய்வை மட்டும் செய்து பிழைப்பது அன்று நடக்கக்கூடிய காரியம் அல்ல. எனவே அரசாங்க நிதித்துறைத் தேர்வு எழுதினார், முதலிடத்தில் தேறினார். அதே 1907இல் லோகசுந்தரியை மணந்தார். அவர் வீணை வாசிக்கத் தெரிந்தவர். இருவரும் கல்கத்தா புறப்பட்டார்கள். அங்கே ராமனுக்கு உதவித் தலைமைக் கணக்காளர் பதவி. வயது இன்னும் 19 ஆகவில்லை.

பெற்றோருக்கு மகிழ்ச்சி தரும் வேலை. நல்ல சம்பளம், நிலையான பதவி. நம்மில் பலர் இந்த இடத்தில் ஆர்வத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவோம்.

வேலைக்கு முன்னும் பின்னும்

வேலையிலிருந்து டிராம் வண்டியில் திரும்பும் வழியில், பவ்பஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தின் பெயர்ப்பலகை ஒன்று ராமனின் கண்ணில் பட்டது. அது இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876இல் நிறுவியது. இந்தியர்கள் தாங்களே அறிவியல் ஆய்வு செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. ராமன் போனபோது அங்கே கூடம் இருந்தது, கருவிகள் சில இருந்தன, ஆய்வு செய்யத்தான் ஆளில்லை. கதவைத் திறந்தவர் ஆசுதோஷ் தே என்ற உதவியாளர்.

அன்று முதல் ராமனின் நாள் இரண்டாகப் பிரிந்தது. அதிகாலை 5.30 மணிக்குக் கழகத்துக்குப் போவார். பத்து மணிக்குச் சற்று முன்பு வீடு திரும்பிக் குளித்து, சாப்பிட்டு, அவசரமாக அலுவலகம் செல்வார். மாலை ஐந்து மணிக்கு மீண்டும் கழகம். வீடு வந்து சேர இரவு ஒன்பதரை, பத்து ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கேதான். இப்படிப் பத்து ஆண்டுகள் ஓடின.

நடுவில் 1909இல் ரங்கூனுக்கும் 1910இல் நாக்பூருக்கும் மாற்றல் வந்தது. நாக்பூரில் குடியிருந்த வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக மாற்றிக்கொண்டார். 1911இல் கல்கத்தா திரும்பியதும் மறுபடியும் பவ்பஜார்.

இந்த இடத்தில் ஆசுதோஷ் தே பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் கைவேலையில் தேர்ந்தவர். ராமன் மனத்தில் வரைந்ததை அவர் மரத்திலும் உலோகத்திலும் செய்து கொடுத்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு இருவரும் சேர்ந்து உழைத்தார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் ராமனின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயரும் அச்சாகியிருக்கிறது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ கைத்திறன் கற்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோட்பாடு எழுதும் கைக்கும் கருவி செய்யும் கைக்கும் ஒரே தாளில் இடம் இருந்தது.

இயந்திரம் வாசித்த வயலின்

ஒலியைப் பற்றி ராமனுக்கு முன்பே ஜெர்மனியின் ஹெல்ம்ஹோல்ட்ஸும் இங்கிலாந்தின் ரேலீ பிரபுவும் பெரிய நூல்கள் எழுதியிருந்தார்கள். ராமன் அவற்றைப் படித்து வளர்ந்தவர். ஆனால், அந்த நூல்களில் பதில் இல்லாத கேள்விகளை நம் ஊர் வாத்தியங்கள் எழுப்பின.

வயலினில் வில்லின் வேகம், அழுத்தம், தந்தியில் அது படும் இடம் ஆகிய மூன்றும் ஒலியை மாற்றுகின்றன. மனிதக் கையால் இவற்றைத் தனித்தனியாக ஒரே சீராக வைத்திருக்க முடியாது. எனவே ராமன் ஓர் இயந்திரம் செய்ய வைத்தார். அதில் வில் அசையாமல் நிற்கும், வயலின்தான் முன்னும் பின்னும் நகரும். இப்போது ஒன்றை மட்டும் மாற்றி, மற்ற இரண்டையும் நிலையாக வைத்து அளக்கலாம். சாதாரண நிலைத் தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் அறிவியல் செய்முறையில் கற்கும் பாடம் இது. ராமன் அதை ஒரு வயலினிடம் நடத்திக் காட்டினார். அந்த ஆய்வு 1920இல் வெளிவந்தது.

வீணையும் தம்புராவும் அவருக்கு வேறொரு புதிரைக் கொடுத்தன. ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசையாமல் நிற்க வேண்டிய மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது பழைய விதி. வீணையில் அவை ஒலித்தன. மேல்நாட்டு வயலினின் குதிரை கத்திபோல் கூர்மையானது. வீணையின் குதிரையோ அகலமாகவும் மெல்ல வளைந்தும் இருப்பது. தந்தி அந்த வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால் புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன என்று ராமன் 1921இல் விளக்கினார். அதாவது, நம் பழைய கைவினைஞர்கள் ஒரு வளைவைச் சரியாகச் சீவியதன் பலன் அது.

கறுப்பு வட்டத்தின் கணக்கு

இனி மிருதங்கத்துக்கு வருவோம். சாதாரண மேளத்தில் தோல் எங்கும் ஒரே கனம். அதைத் தட்டினால் அடிப்படை அதிர்வோடு வேறு பல அதிர்வுகளும் எழும். அடிப்படையை 1 என்று வைத்தால் மற்றவை ஏறக்குறைய 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். இவை முழு எண்கள் அல்ல. எனவே அவை ஒன்றோடொன்று ஒட்டாமல், சுரமாகாமல், வெறும் சத்தமாகக் கேட்கின்றன. மேளத்திலிருந்து இசை வராது என்று மேல்நாட்டு நூல்கள் முடிவு கட்டியது இதனால்தான்.

ஆனால் மிருதங்க வித்துவான் சுருதி சேர்க்கிறாரே? அதன் வலந்தலையில் மீட்டினால் தெளிவான சுரம் கேட்கிறதே? ராமன் அந்தத் தோலின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தைப் பார்த்தார். நாம் அதைக் கரணை என்கிறோம், சோறு என்றும் சொல்வதுண்டு. கல்லைப் பொடியாக்கி, சோற்றுப் பசையோடு குழைத்து, மெல்லிய படலம் படலமாகப் பூசி, தேய்த்து உருவாக்குவது. நடுவில் தடிப்பாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும்.

ராமன் தோலின்மேல் நுண்மணலைத் தூவினார். விரலால் ஓரிடத்தை லேசாகத் தொட்டுக்கொண்டு மற்றோரிடத்தில் தட்டினார். அசையாத இடங்களில் மணல் கோடுகளாகவும் வட்டங்களாகவும் சேர்ந்தது. அந்தப் படங்கள் ஒரு செய்தியைச் சொல்லின. கரணையின் எடையால் அதிர்வுகள் இடம் மாறி, 1, 2, 3, 4, 5 என்ற முழு எண் வரிசையில் வந்து அமர்ந்திருந்தன. தந்தி வாத்தியத்தில் உள்ள அதே ஒழுங்கு. சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதிய இந்த ஆய்வுக் குறிப்பு 1920இல் நேச்சர் இதழில் வந்தது. 1934இல் அதை விரிவாக எழுதினார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதை அதில் காட்டினார்.

இந்த இடத்தில் ஜூரோங் மாணவரின் முதல் கேள்வியை நினைத்துப் பாருங்கள். பரப்பில் ஓரிடத்தில் சிறிது எடை கூடினால், அல்லது சிறிது வளைவு குறைந்தால், முழுப் பரப்பின் ஒலியும் மாறுகிறது. ஒலிபெருக்கியில் அது கோளாறு. குவிமாடம் ஒரே துண்டாக அசைய வேண்டும் என்றுதான் பொறியாளர்கள் பாடுபடுகிறார்கள். மிருதங்கத்திலோ அதுவே கலை. தோலின் பகுதிகள் வெவ்வேறு விதமாக அசைந்தாலும் ஒரே சுருதிக்குள் அசையும்படி நம் முன்னோர் பழக்கிவிட்டார்கள். கச்சேரிக்கு முன்பு தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசையை அப்பி, பிறகு சுரண்டி எடுக்கிறார்களே, அதுவும் இதே கணக்குதான்.

பெயர் தெரியாத மிருதங்கத் தொழிலாளர்கள் கைப்பழக்கத்தால் கண்டுபிடித்ததை ராமன் எண்களில் படித்துக் காட்டினார். இதில் என்னைக் கவர்வது அந்த மரியாதை. தோல் வேலை செய்தவர்களின் அறிவை அவர் உலகின் முன்னணி ஆய்விதழ் ஒன்றுக்குக் கொண்டு போனார்.

முணுமுணுக்கும் கூடங்கள்

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை, முன்பு துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி ராமனுக்கு வழங்கினார். அரசாங்க வேலையைவிடச் சம்பளம் கணிசமாகக் குறைவு. ராமன் தயங்காமல் ஏற்றுக்கொண்டார்.

பேராசிரியராக 1921இல் முதன்முதலாக இங்கிலாந்து போனபோது, லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்துக்குக் கீழே நின்று சோதனை நடத்தினார். அங்கே ஒரு சுவரோரம் முணுமுணுத்தால் எதிர்ச்சுவரோரம் காதை வைத்திருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ஒலி வளைந்த சுவரை ஒட்டியே ஊர்ந்து செல்வதை ரேலீ விளக்கியிருந்தார். ராமன் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். சுவரிலிருந்து உள்நோக்கி நகர்ந்தால் ஒலி சீராகக் குறையாமல், ஏறி இறங்கி மாறி வருவதைக் கண்டார். ஊர் திரும்பிய பிறகு பீஜப்பூரின் கோல் கும்பஸ் போன்ற இந்தியக் கட்டடங்களிலும் இதை ஆராய்ந்தார். பெரிய குவிமாடம் என்றாலும் சிறிய குவிமாடம் என்றாலும், வளைவு ஒலியை ஆள்கிறது.

அதே பயணத்தில் நார்குண்டா கப்பலில் திரும்பி வரும்போதுதான் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. வானத்தின் நிறம் கடலில் பிரதிபலிக்கிறது என்பது ரேலீயின் கருத்து. ராமன் பையில் வைத்திருந்த ஒரு சிறிய படிகத்தின் வழியே அந்தப் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் அப்படியே இருந்தது. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று புரிந்தது.

ஏழு ஆண்டுத் தேடலுக்குப் பிறகு, 1928 பிப்ரவரி 28ஆம் தேதி ராமனின் குழு தான் தேடியதை உறுதிசெய்தது. ஒரு பொருளில் சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றம் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தனித்தன்மையானது. மூலக்கூறு எப்படி அதிர்கிறதோ அதற்கேற்ப ஒளி மாறுகிறது. மிருதங்கத் தோலின் அதிர்வை மணலால் படித்தவர், இப்போது மூலக்கூற்றின் அதிர்வை ஒளியால் படித்தார்.

அதற்கு அவர் பயன்படுத்திய கருவிகள் எவை? தொடக்கத்தில் சூரிய ஒளிதான் விளக்கு. அதைக் குவிக்கத் தொலைநோக்கியின் வில்லை. நிறத்தைப் பிரிக்கச் சில வண்ணக் கண்ணாடிகள். ஒளியைக் கண்டறியச் சொந்தக் கண். பிறகு ஒரு பாதரச விளக்கும் கையடக்க நிறமாலைக் கருவியும். மொத்தச் செலவு சில நூறு ரூபாய். இதுவே ஜூரோங் மாணவரின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்.

இன்று ராமன் விளைவு மருந்துத் தொழிற்சாலைகளிலும் ரத்தினக் கற்களின் சோதனையிலும் பயன்படுகிறது. கொவிட்-19 காலத்தில், எங்கள் ஜூரோங் வெஸ்ட்டிலேயே இருக்கும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூச்சுக்காற்றைக் கொண்டு தொற்றைக் கண்டறியும் முறை ஒன்றை இதன் அடிப்படையில் உருவாக்கினார்கள்.

பாராட்டோடு சொல்ல வேண்டியவை

ராமனைப் போற்றும் கட்டுரைகள் சில விஷயங்களை விட்டுவிடும். நான் விட விரும்பவில்லை.

1928இன் கண்டுபிடிப்பில் அவருடன் உழைத்தவர் தமிழ்நாட்டின் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன். நேச்சர் இதழில் வந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. அதே ஆண்டில் மாஸ்கோவில் லான்ட்ஸ்பெர்க், மண்டல்ஷ்டாம் என்ற இருவரும் படிகங்களில் இதே விளைவைத் தனியாகக் கண்டார்கள். நோபெல் பரிசு ராமனுக்கு மட்டுமே கிடைத்தது. கிருஷ்ணன் பிறகு டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். அவர் பெயரையும் நாம் சேர்த்தே சொல்லப் பழக வேண்டும்.

1933இல் ராமன் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்துக்கு இயக்குநரானார். அந்த ஆண்டு கமலா பாக்வத் என்ற மாணவி, பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறிய பட்டதாரி, ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதற்காக ராமன் மறுத்தார். கமலா விடவில்லை. நேரில் வந்து காரணம் கேட்டு நின்றார். ஓராண்டு சோதனைக் காலம் உள்ளிட்ட நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. திருமணத்துக்குப் பிறகு கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர், கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்று, உயிர்வேதியியலில் பெயர் பெற்றார். அவருக்குப் பிறகு கழகத்தில் பெண்களுக்குக் கதவு திறந்தது. 1940இல் ராமனிடமே ஆய்வு மாணவியாகச் சேர்ந்த அன்னா மணி, பின்னாளில் இந்தியாவின் வானிலைக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்யக் காரணமானார்.

வாய்ப்பு மறுக்கப்படுவதன் வலி ராமனுக்குத் தெரியாததல்ல. இருந்தும் அதே தவற்றை இன்னொருவருக்குச் செய்தார். திறமையும் நியாயமும் ஒருவரிடம் தாமாகவே சேர்ந்து வருவதில்லை என்பதை மாணவப் பருவத்திலேயே அறிந்துகொள்வது நல்லது.

பெங்களூரில் நிர்வாகத்தோடு ஏற்பட்ட மோதலால் 1937இல் அவர் இயக்குநர் பதவியிலிருந்து விலகிப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார். அதற்குள் 1934இல் இந்திய அறிவியல் அகாதெமியை நிறுவியிருந்தார். நாகேந்திர நாத்துடன் சேர்ந்து, காதுக்கு எட்டாத மிகையொலி அலைகள் ஒளியை எப்படிப் பிரிக்கின்றன என்ற கோட்பாட்டையும் உருவாக்கினார். ஒலியும் ஒளியும் அவரிடம் கடைசிவரை பிரியவில்லை.

தோட்டத்தில் ஒரு மரம்

ஓய்வுபெற்ற பிறகு 1948இல் பெங்களூரில் தம் பெயரில் ஓர் ஆய்வுக் கழகத்தைத் தொடங்கினார். 1954இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. ரோஜாச் செடிகளை வளர்த்தார், பூக்களின் நிறத்தையும் கண் பார்க்கும் விதத்தையும் ஆராய்ந்தார். 80 வயதில் அதைப் பற்றி நூலும் எழுதினார்.

1970 நவம்பர் 21ஆம் தேதி காலமானார். அவர் விரும்பியபடி கழகத் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டார். அந்த இடத்தில் ஒரு மரம் மட்டும் நிற்கிறது. 1987 முதல் இந்தியா பிப்ரவரி 28ஆம் தேதியைத் தேசிய அறிவியல் நாளாகக் கடைப்பிடிக்கிறது.

நீங்கள் செய்து பார்க்க

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. அவற்றுள் சிறு கோளாறுக்காகத் தூக்கி எறியப்பட்டவையும் உண்டு. 2014 முதல் இயங்கும் ரிப்பேர் கோப்பித்தியாம் போன்ற தொண்டூழிய முயற்சிகளில் பழுதுபார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அதற்கு முன்பு, ராமனின் மணல் சோதனையை இன்று மாலையே வீட்டில் செய்யலாம். ஒரு கிண்ணத்தின் வாயில் உணவு மூடும் பிளாஸ்டிக் தாளைச் சுருக்கமில்லாமல் இறுக்கி ஒட்டுங்கள். மேலே கொஞ்சம் நைஸ் உப்பைத் தூவுங்கள். ஒலிபெருக்கியை அருகில் வைத்து, கைப்பேசிச் செயலியால் ஒரே சுரத்தை ஒலிக்கச் செய்து மெல்ல உயர்த்துங்கள். சில சுரங்களில் உப்பு துள்ளிக் கோடுகளாகச் சேரும். அந்தச் சுரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சப்பாத்தி மாவில் சிறு உருண்டை எடுத்துத் தட்டையாக்கி, தாளின் நடுவில் ஒட்டி, மறுபடியும் தொடங்குங்கள். கோடுகள் வேறு சுரங்களில் தோன்றும்.

மாவை எவ்வளவு வைத்தால், எவ்வளவு அகலம் வைத்தால் அந்தச் சுரங்கள் 1, 2, 3 என்ற வரிசைக்கு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள். ஓர் அட்டவணை போடுங்கள். சிவகாளி குமாரும் ராமனும் 1920இல் போட்டதும் ஏறக்குறைய அப்படிப்பட்ட ஓர் அட்டவணைதான்.